சோப்பு எருக்கம்பூ

அக்கா, தப்பா நெனைக்காதீங்க, அந்த முழங்கையை மட்டும் கொஞ்சம் அங்கிட்டு எடுத்துக்கறீகளா? மடியில டப்பா இருக்கு. திங்கிற சாமான் இல்ல, சோப்புல செதுக்குன பூ. லேசா இடிச்சாலும் இதழ் போயிரும். அருப்புக்கோட்டையில ஏறுனதுல இருந்து இதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே வர்றேன். இந்த டிரைவருக்கு ஆடு குறுக்க வந்தாலும் பிரேக்கு, ஆள் கையைக் காட்டுனாலும் பிரேக்கு.

அந்தா, முன்னாடி கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாள்ல, யூனிபார்ம் போட்டு, ரெட்டை ஜடை? அவதான் என் மக. மோனிஷா. ஒம்பதாவது படிக்கிறா. பக்கத்துல கண்ணாடி போட்டு நிக்கிறவுக அவ டீச்சர், அமுதவல்லி டீச்சர். நாம கொஞ்சம் நெருங்கி உக்காந்தா அவளும் இங்க உக்காந்துக்கலாம். கூப்பிட்டுப் பாத்துட்டேன். "நான் நின்னுக்கறேம்மா, நீ டப்பாவை வச்சுக்கோ. திறக்காதே, தொடாதே"ன்னுட்டுப் போயிட்டா. கூட்டத்துல நசுங்கிருமேன்னுதான் என்கிட்ட குடுத்ததே, இல்லேன்னா அதையும் அவளே வச்சுருப்பா. பெத்தவகிட்ட பேசுற பேச்சாக்கா இது, தொடாதேன்னு?

மதுரைக்குத்தான் போறோம். மண்டேலா நகர்கிட்ட ஒரு ஸ்கூல்ல கண்காட்சி. ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஜெயிச்ச பிள்ளைக செஞ்ச சாமானைப் பூராம் கொண்டாந்து வைக்கிறாக. கூடை, பொம்மை, காகிதப் பூ, சோப்புப் பூன்னு எல்லாம். பாத்துட்டு நல்லதா எடுத்துச் சென்னைக்கு அனுப்புவாகளாம். பத்து மணிக்குள்ள போயி ஒப்படைக்கணும். இவ அந்தப் பூவுக்குப் பக்கத்துலயே நிக்கணும், கேட்டா பதில் சொல்லணும். அதை நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. பூவு அந்த லட்சணத்துல இருக்கு.

பாக்கணுமா? இருங்க, அவ அங்கிட்டுத் திரும்பட்டும். ஆங், இப்ப பாருங்க. மூடியை மட்டும் நீங்க பிடிச்சுக்கோங்க.

என்ன பூன்னு சொல்லுங்க பாப்போம். கரெக்டா சொல்லிட்டீக. எருக்கம்பூ! குப்பைமேட்டுல மொளைக்கிற பூவு. பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு மாலை வாங்கிப் போடுவோம், அன்னையோட அதை மறந்துருவோம். ரோஜா இருக்கு, தாமரை இருக்கு, செம்பருத்தி இருக்கு. அத்தனையும் விட்டுட்டு, போட்டியில உக்காந்து யாராச்சும் எருக்கம்பூவைச் செதுக்குவாகளா? அந்தச் செடிகிட்டகூட இவளை நான் விட்டதில்ல. பால் பட்டா கண்ணுக்கு ஆகாதுன்னு சின்னதுல இருந்தே மிரட்டி வச்சுருக்கேன். எப்பப் போயி இம்புட்டு உத்துப் பாத்தாளோ தெரியல. நடுவுல அந்தக் கிரீடம் மாதிரி இருக்குறதெல்லாம் சரியாத்தான் வச்சுருக்கா, அதைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆனா இந்த இதழைப் பாருங்க. இது, இந்த ஓரத்துல இருக்குறது. பல்லுப் பல்லா, சுரண்டி எடுத்தாப்புல இருக்கா? என்னடி இப்படி வெட்டி வச்சுருக்கன்னா, "வெட்டுக்கிளி கடிச்சதும்மா"ங்குறா. எருக்கஞ்செடியில மஞ்சளும் நீலமுமா ஒரு வெட்டுக்கிளி இருக்குமே, அதுவாம். கடிச்ச பூவை நாம சாமிக்கு வைப்போமா? தலையிலதான் வைப்போமா? அங்க பெரிய பெரிய ஆளுக வந்து பாத்துட்டு, என்னம்மா இந்த இதழு ஒடஞ்சு கெடக்குன்னு கேட்டா, என் பிள்ளை நாலு பேரு முன்னாடி முழிச்சுக்கிட்டு நிக்கணும்.

மூடுங்க மூடுங்க, திரும்புறா.

இல்லடி! திறக்கல! இந்த அக்கா கேட்டாக, என்னன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்!

பாத்தீகளா பார்வையை? வீட்லயும் இப்படித்தான். போட்டி முடிஞ்சு வந்ததுல இருந்து வாயைத் திறக்குறதில்ல. சோறு போடும்மா, போதும்மா, அவ்வளவுதான் பேச்சு. களைப்பு போல.

நான் ஒண்ணும் தெரியாம பேசலக்கா. அவ ஸ்கூல்ல ஆபீஸ் ரூம் வாசல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு சோப்பு ரோஜா இருக்கு. இதழ் ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கி, ஓரம் லேசா வெளிய சுருண்டு, கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு போனாத்தான் சோப்புன்னு தெரியும். கீழ 'மோனிஷா, ஒன்பதாம் வகுப்பு'ன்னு எழுதி ஒட்டியிருக்கு. அது என் கை. நான் செதுக்குனது. வர்றவுக போறவுக எல்லாம் நின்னு பாத்துட்டுத்தான் போவாக.

ஏன் அப்படிப் பாக்குறீக? எந்த வீட்லக்கா பிள்ளைக செய்யுது? தெர்மாகோல் வீடுன்னா அப்பன் வெட்டுறான், சார்ட்டுன்னா ஆத்தா வரையறா. டீச்சருக்கும் தெரியும், தெரிஞ்சாலும் கேக்க மாட்டாக. நான் மட்டும் சும்மா இருந்தா என் பிள்ளைதான் வெறுங்கையோட போயி நிக்கும்.

நான் நின்னேன்க்கா. ஏழாவதோ எட்டாவதோ படிக்கிறப்ப, கைவேலை வகுப்புக்கு சோப்பு கொண்டாரச் சொன்னாக. எங்கம்மா, குளிக்கிற சோப்பை வெட்டி வீணாக்கவான்னு, துணி துவைக்கிற நீலச் சோப்பைக் குடுத்து விட்டுருச்சு. பிளேடு வச்ச ஒடனே பொலபொலன்னு உதுந்து போச்சு. கிளாஸே சிரிச்சுச்சு. டீச்சரும் சேந்து சிரிச்சாக. அன்னைக்குப் பட்ட அவமானம் இன்னைக்கு நெனச்சாலும் கண்ணுல தண்ணி வந்துரும். என் பிள்ளைக்கு அது வரக் கூடாது. அம்புட்டுதான் என் ஆசை.

இவ ஆறாவது படிக்கிறப்ப சோப்பு கொண்டாரச் சொன்னாக. நல்ல வெள்ளைச் சோப்பா, புதுசா வாங்கிக் குடுத்தேன். பழைய சோப்பு காஞ்சு போயி வெடிக்கும், புதுசுன்னாத்தான் வெண்ணெயா வெட்டு விழும். இவ உக்காந்து ஒரு மீனு செதுக்குனா. அது மீனாவும் இல்ல, செருப்பாவும் இல்ல. வாலு மட்டும் இம்புட்டுப் பெருசு. என்னமோ பெருசா சாதிச்சாப்புல, "அம்மா, பாரும்மா"ன்னு ஓடியாந்து காட்டுனா. குடுடி இங்கன்னு வாங்கி, அந்த வாலைச் சீவி, வயித்தைச் சீவி, அதையே ஒரு ரோஜா மொட்டா ஆக்கிட்டேன். ஸ்கூல்ல எல்லாரும் கை தட்டுனாகளாம். வந்து சொன்னா. சிரிக்காமத்தான் சொன்னா, அந்த வயசுல அதுக்கென்ன தெரியும். அதுல இருந்து சோப்பு வேலைன்னா என் வேலைதான். அவளும் கேக்குறதில்ல.

அக்கா, இந்தப் பையைக் கொஞ்சம் இப்படி மறைச்சாப்புல வைங்களேன். ஒண்ணுமில்ல, ஒரே ஒரு சீவல். அந்தப் பல்லு மாதிரி இருக்குற எடத்தை மட்டும் சமமா இழுத்து விட்டா முடிஞ்சு போச்சு. பிளேடு எப்பவும் பர்ஸுலயே இருக்கும், பாதியா ஒடைச்சு காகிதத்துல சுத்தி வச்சுருப்பேன்.

வேணாங்குறீகளா? நீங்க பயப்படாதீங்க. எத்தனை பூ செதுக்கியிருக்கேன், என் கை நடுங்காது. ரோடு இங்க நல்லாத்தான இருக்கு.

இந்தா, பாத்தீகளா, எவ்வளவு மெலிசா வருது. இப்படித்தான் எடுக்கணும், அரிசிமணி அளவுகூட இருக்கக் கூடாது. அந்த மூடியில வாங்கிக்கோங்க, கீழ விழுந்தா அவ கண்ணுல படும்.

எங்க விட்டேன்? ஆங், ரோஜா. ஸ்கூல்ல மொத பரிசு, அடுத்து வட்டாரத்துல மொத பரிசு. ரெண்டுக்கும் வீட்ல செஞ்சு கொண்டு போயி வச்சாப் போதும். மாவட்டம்னு வந்தப்பத்தான் டீச்சர் போன் பண்ணி, "பிள்ளைங்க நேர்ல வந்து, நடுவர் முன்னாடி உக்காந்து செதுக்கணும்மா"ன்னாக. எனக்குக் கையில இருந்த கரண்டி விழுந்துருச்சு. இவளுக்கு பிளேடைப் பிடிக்கத் தெரியுமான்னே எனக்குத் தெரியாது. அங்க போயி சோப்பை வச்சுக்கிட்டு முழிச்சான்னா, ரோஜாவும் பொய்யி, பரிசும் பொய்யின்னு ஊரே சொல்லும். ஸ்கூல்ல அவ தலை நிமுந்து நடக்க முடியுமா?

நான் உக்கார வச்சுச் சொல்லித் தரலாம்தான். அதுக்கு அவ குளிக்கிற ரூமை விட்டு வெளிய வரணுமே! அந்தக் கூத்தைக் கேளுங்க. கொஞ்ச நாளா இவ குளிக்கப் போனா வர மாட்டா. கதவைத் தட்டித் தட்டி என் கை வலிக்கும். தண்ணி ஊத்துற சத்தமும் கேக்காது. என்னடி பண்றன்னா, "வர்றேம்மா". சோப்பு வாங்கி வச்சு ரெண்டு நாள்ல தேஞ்சு போகும். தேஞ்சதும் ஒழுங்காத் தேயல, அங்கங்க குழி விழுந்து, ஓரமெல்லாம் சுரண்டுனாப்புல கெடக்கும். எலிதான்! எலி சோப்பைத் திங்கும், தெரியும்ல? எலிப்பொறி வாங்கி வச்சேன், தேங்காச் சில்லு வச்சேன், ஒண்ணும் சிக்கல. பொல்லாத எலி. எங்க வீட்டுக்காரரு, "நம்ம வீட்ல எலியே இல்லையே"ங்குறாரு. காலையில தறிக்குப் போயி ராத்திரி வர்ற மனுசனுக்கு என்ன தெரியும்?

இந்தா, ஓரம் சமமாயிருச்சு. இப்ப என்ன ஆச்சுன்னா, இந்த இதழு சின்னதாப் போச்சு. மத்ததும் கொஞ்சம் கொறைச்சாத்தான் பொருந்தும். லேசாத்தான்.

சரி, கேளுங்க. நான் என்ன பண்ணேன்னா, ஒரு யோசனை பண்ணேன். யாருக்கும் வராத யோசனை. ஒரு புதுச் சோப்பை எடுத்து, அதுக்குள்ளயே ரோஜாவை முக்கால்வாசி வெட்டிட்டேன். வெட்டுன சந்துல எல்லாம் தேங்கா எண்ணெயைத் தடவி, சீவுன தூளைத் தண்ணி விட்டுப் பெசைஞ்சு, அந்தப் பள்ளத்தைப் பூராம் அடைச்சு மேல வழவழன்னு நீவி விட்டேன். பாத்தா முழுச் சோப்பு. மேல இருந்த கம்பெனி பேரைக்கூட ஊசியால திரும்ப எழுதுனேன்க்கா. எண்ணெய் இருக்குறதால பிளேடை வச்சு நெம்புனாப் போதும், அடைச்சதெல்லாம் தோலாட்டம் உரிஞ்சு வந்துரும், உள்ள ரோஜா ரெடியா இருக்கும். அடையாளத்துக்கு ஒரு மூலையில பொட்டு.

அவகிட்ட காட்டுனேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு. "வேணாம்மா"ன்னா. பயம், பாவம். மாட்டிக்குவோமோன்னு பயந்துட்டா. "நானே செய்யறேம்மா"ன்னு வேற மெல்ல இழுத்தா. நீ என்னத்தைச் செய்வ, நீலச் சோப்பு மாதிரி உதுத்து வைப்பன்னேன். அழுதா. இந்தச் சோப்பைத்தான் எடுப்பேன்னு என் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுடின்னேன். கண்ணைத் துடைச்சுட்டுப் பண்ணுனா.

விருதுநகர்ல போட்டி. பெத்தவுகளை உள்ள விடல, வராந்தாவுலயே நில்லுங்கன்னுட்டாக. நான் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இவளுக்கு ஜன்னலுக்குப் பக்கத்து பெஞ்சு. டப்பாவைத் திறந்து ரெண்டு சோப்பையும் எடுத்து வச்சா. ஒண்ணு பொட்டு வச்சது, இன்னொண்ணு ஒப்புக்கு வச்ச வெறும் சோப்பு. அப்பப் பாத்து நடுவர் ஒருத்தரு, நரைச்ச தாடி, ஒவ்வொரு பிள்ளையோட சோப்பையும் கையில எடுத்துப் பாத்துக்கிட்டே வர்றாரு. பாக்குறது மட்டுமில்ல, நகத்தால தட்டுறாரு! ஒரு பையன் சோப்புல பென்சில் கோடு இருந்துச்சுன்னு அதை எடுத்துட்டு வேற குடுத்தாரு. நான் கம்பிக்குள்ள மூஞ்சியை நொழைச்சுக்கிட்டு நிக்கிறேன். என் பிள்ளை பெஞ்சுக்கு இன்னும் ஒரு பெஞ்சுதான்.

இவ எந்திரிச்சா. பொட்டு வச்ச சோப்பைக் கையில எடுத்துக்கிட்டா. "சார், கை கழுவிட்டு வந்துர்றேன்"ன்னா. சரிம்மான்னுட்டாரு. ஜன்னலுக்கு இங்கிட்டுத்தான் குழாய், நான் நிக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே. வந்தா. குழாயைத் திறந்தா. அந்தச் சோப்பைப் போட்டுக் கையைத் தேய்க்கிறாக்கா!

அது இல்லடி, அது இல்லடின்னு நான் கையைக் காலை ஆட்டுறேன். சத்தம் போட முடியாது. அவ என்னை நேராப் பாத்தா. பாத்துக்கிட்டே தேய்க்கிறா. அடைச்சதெல்லாம் கரைஞ்சு ஊத்துது, நுரைக்குள்ள இருந்து ரோஜா வெளிய வருது, ஒவ்வொரு இதழா. ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுச் செஞ்ச இதழு. அவ நிறுத்தல. முழங்கை வரைக்கும் தேய்ச்சா, மூஞ்சிக்கும் போட்டா. ரோஜா மழுங்கி மொட்டாச்சு, மொட்டும் போயி ஒரு உருண்டை ஆச்சு. அந்த உருண்டையைக் குழாய் மேலயே வச்சுட்டு உள்ள போயிட்டா.

பதட்டம்க்கா, பதட்டம். அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். கை கழுவணும்னு தோணிருக்கு, எது கையில வந்துச்சோ அதை எடுத்துட்டா. சத்தியம் பண்ண பிள்ளை, அந்தச் சோப்பைத்தான எடுத்தா, அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா என்ன பண்றோம்னு அவளுக்கே தெரியல. உள்ள போன கையோட நான் நின்ன ஜன்னலை வேற சாத்திட்டா. மூஞ்சியில வெயில் அடிச்சிருக்கும்.

அதுக்கப்புறம் உள்ள என்ன நடந்துச்சுன்னு நான் பாக்கல. வராந்தாவுல சப்பணம் போட்டு உக்காந்து, கும்பிடாத சாமி இல்ல. போச்சு, நீலச் சோப்புதான், என் தலையெழுத்து என் பிள்ளைக்கும்னு அழுதுக்கிட்டு இருந்தேன்.

ஆனா பாருங்க, ரெண்டாம் பரிசு! இந்த எருக்கம்பூவுக்கு! அந்தத் தாடிக்காரரு மேடையில இதைக் கையில தூக்கிக் காட்டி, மத்த பிள்ளைங்க கடையில பாத்த பூவைச் செதுக்கியிருக்காங்க, இந்தப் பொண்ணு செடியில பாத்த பூவைச் செதுக்கியிருக்குன்னாரு. இந்தக் கடிபட்ட இதழைத்தான் விரலை வச்சுக் காட்டிக் காட்டிப் பேசுனாரு. எல்லாரும் கை தட்டுனாக. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். குறையை நேராச் சொல்லாம நாசூக்காச் சொல்றாரு பெரிய மனுசன். பரிசு எதுக்குக் குடுத்தாகன்னு எனக்குத் தெரியாதா? வட்டாரத்துல என் ரோஜாவைப் பாத்தவுக ரெண்டு பேரு அந்த நடுவர் கூட்டத்துல இருந்தாக. இந்தப் பிள்ளையா, நல்லாச் செய்யுமேன்னு சொல்லியிருப்பாக. அமுதவல்லி டீச்சர் வேற வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்க மகளுக்குன்னு ஒரு கை இருக்கும்மா, விட்டுருங்க"ன்னாக. எதை விடச் சொல்றாகன்னு புரியல. என் கைதானக்கா அவளுக்கு, வேற எங்க இருந்து வரும்?

இன்னும் கொஞ்சம். இதுதான் கடைசி இதழு. அந்த நாலும் சமமாயிருச்சு பாருங்க, இப்பத்தான் பூவுன்னு சொல்ற மாதிரி இருக்கு. இந்த அடிப்பக்கம் மட்டும் தடிப்பா நிக்குது. அதை எடுத்துட்டு, விரலைத் தண்ணியில தொட்டு நீவி விட்டோம்னா மினுமினுன்னு வந்துரும். அங்க போயி மேசையில வச்சதும் அவளே அசந்து போயிருவா. என்னம்மா பண்ணுனன்னு கேப்பா. பேசிருவா.

டோல்கேட்டா? எங்க?

அய்யோ.

அக்கா. அக்கா, ஒடைஞ்சுருச்சு.

பிரேக்கு அடிச்சான்க்கா, நான் ஒண்ணும் பண்ணல, நீங்கதான் பாத்தீகள்ல, அவன் பிரேக்கு அடிச்சான். இதழு, இதழு எங்க போச்சு? உங்க கால்கிட்ட பாருங்க. மிதிச்சுராதீங்க! அந்தா, பை ஓரத்துல. குடுங்க. மெதுவா. ரெண்டாப் போயிருச்சா? பரவால்ல, சோப்புதான, ஒட்டும். உங்க பாட்டில்ல தண்ணி இருக்கா? மூடியில ஒரு சொட்டு ஊத்துங்க போதும். சீவல் இருக்குல்ல, அதைப் பெசைஞ்சு அடியில வச்சா நின்னுக்கும். எத்தனை தடவை ஒட்டியிருக்கேன்.

என்ன நிக்க மாட்டேங்குது. வெயில்ல சோப்பு இளகிப் போச்சு. நில்லு. நில்லு தாயி. அந்தக் கிரீடத்தைத் தொடாம, நீங்க இந்தப் பக்கம் ஒரு விரலைக் குடுங்க. அழுத்தாதீங்க. கையை எடுக்காதீங்க. வெட்டுக்கிளி கடிச்சுருச்சுன்னு சொல்லிக்கலாம், என்ன? அதுதான் கடிக்கும்ல, முழுசாக் கடிச்சுருச்சுன்னு...

பெருங்குடி வந்துருச்சா? அடுத்தது எங்க ஸ்டாப்புதான். வர்றாளா? வர்றாளே. மூடி, மூடி எங்க? மூடியில சீவல் இருக்கு, கொட்டுங்க, ஜன்னல்ல கொட்டுங்க. மாட்டேங்குறீகளா, குடுங்க இங்க.

என்னடி, எறங்கணுமா? இந்தா டப்பா. அப்படியேதான் இருக்கு. இப்ப ஏன் திறக்குற, கூட்டத்துல? ஸ்கூல்ல போயித் திறந்துக்கலாம். சேலையில என்ன? ஒண்ணுமில்ல, பவுடர். என்ன மோந்து பாக்குற, விடு கையை.

உங்ககிட்ட கேக்குறாக்கா. எங்கம்மா திறந்தாங்களான்னு. என்னைப் பாக்க மாட்டேங்குறா, உங்களைத்தான் பாக்குறா. பிள்ளை கேக்குதுல்ல, சொல்லுங்க. நான் தொடவே இல்லன்னு சொல்லுங்க.